துவக்கைப் பிடித்த பலாக்கட்டை

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஊசிமலை ரப்பர் தோட்டத்தில், கோணல் கண்ணில் பட்டால் சோறு இறங்காத ஒரு மனிதர் இருந்தார். பெயர் காத்தமுத்து. ரப்பர் பாலை உறையவைத்து, உருட்டி, புகை போட்டு ஷீட்டாக்குகிற ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் ரோலர் மெஷின்களைக் கழுவி எண்ணெய் போடுவதும், கெட்டுப்போனால் சரி பண்ணுவதும் அவருடைய வேலை. அதற்கென்று அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை. பால் வாளி தூக்க வந்தவர், மெஷின் ஒரு நாள் முனகியபோது ஏன் முனகுகிறது என்று குனிந்து பார்த்தார். குனிந்தவர் பதினாறு வருஷமாக நிமிரவில்லை.

அவருடைய கல்யாணத்தில் நடந்ததை அவர் மனைவி சின்னம்மா சொல்லாத ஆள், கூலியாட்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கிற லயத்தில் கிடையாது. தாலியைக் கையில் கொடுத்த நேரத்தில் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாராம். பந்தல்கால் ஒன்று சாய்ந்திருந்ததாம். தாலியைத் தட்டிலே வைத்துவிட்டு எழுந்துபோய், காலைப் பிடுங்கி நேராக நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் கட்டினாராம். நல்ல நேரம் தாண்டிவிட்டதென்று பூசாரி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தல் மட்டும் இரண்டு வருஷம் அசையாமல் நின்றது. கடைசியில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதில் ஆடு கட்டினார்கள்.

கோணலைப் பொறுக்க முடியாதது ஒரு வியாதி என்றால், செய்த வேலையைப் பற்றிப் பொய் சொல்ல வராதது இன்னொரு வியாதி. கம்பெனியிலிருந்து தோட்டம் பார்க்க வந்த பெரிய துரை ஒரு முறை ஸ்டோருக்குள் நுழைந்து எல்லாம் சரியா என்று கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள். காத்தமுத்து மட்டும் இரண்டாம் ரோலர் அரை நூல் தேய்ந்திருக்கிறது, மூன்று மாதமாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றார். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் ரப்பர் பாலே உறைந்திருக்கும். புது ரோலர் வந்தது. அடுத்த தீபாவளிக்குக் கணக்கப்பிள்ளை வீட்டுப் பலகாரம் எல்லா வீட்டுக்கும் வந்தது, காத்தமுத்து வீட்டுக்கு வரவில்லை.

அவருக்கு ஒரு நாய் இருந்தது. ரோலர் மெஷினின் அடியில், மாவுபோல் ரப்பர் துணுக்குகள் சேர்கிற மூலையில், ஏதோ ஒரு பெட்டை நாய் போட்டுவிட்டுப் போன குட்டி. அதனால் அதற்கும் ரோலர் என்றே பெயர். உடம்பெல்லாம் செம்மண் நிறம், இடது காது மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி வருஷத்துக்கு ஒரு தரம் கொடுப்பார்கள். மழைக்குப் போர்த்துவதும் அதுதான், குளிருக்குப் போர்த்துவதும் அதுதான். காத்தமுத்துவின் பழைய கம்பளி ஸ்டோர் பட்டறை மூலையில் ரோலருக்குப் படுக்கையாயிற்று. பிள்ளை இல்லாத வீடு. காத்தமுத்து அந்த நாயிடம் பேசுவதில் பாதிகூடத் தன்னிடம் பேசியதில்லை என்று சின்னம்மாவுக்கு ஒரு குறை உண்டு. குறை சொன்னாலும், மீன் தலையை அதற்கென்று எடுத்துவைப்பவளும் அவள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை தரையைத் தொட்டது. பால் வெட்டுவது வாரத்தில் மூன்று நாளாயிற்று, பிறகு இரண்டு நாளாயிற்று. ஸ்டோர் பெரும்பாலும் சும்மா கிடந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையும் சும்மா கிடந்தார். அதுதான் ஆபத்து. வேலை இல்லாத கூலியால் அவன் வீட்டுக்கு மட்டும்தான் கஷ்டம். வேலை இல்லாத துரையால் மலை முழுவதற்கும் கஷ்டம்.

துரைக்கு ஜூடி என்று ஒரு பெட்டை நாய். சீமையில் அதன் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு கப்பலில் வந்த நாய். அதற்கேற்ற மாப்பிள்ளை கொழும்பில் இருப்பதாகவும், அடுத்த மாதம் ரயிலில் கூட்டிப்போகப் போவதாகவும் பங்களாவில் பேச்சிருந்தது. அதற்குள் ஜூடி ஐந்து குட்டி போட்டது. ஐந்துக்கும் இடது காது வெள்ளை.

துரை இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்கள் பெயர் கொடுக்க நிற்கிற அந்த மைதானத்தில், வெறிநாய்த் தொல்லை அதிகமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதோறும் லயத்து நாய்களைத் தானே சுடப்போகிறேன் என்று மட்டும் சொன்னார். தோட்டத்தில் வெறிநாய் எதையும் யாரும் பார்த்ததில்லை. முதலில் அந்த வெள்ளைக்காது நாய் என்று துரை சொன்னதும் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க வேறு இடம் இல்லை. காத்தமுத்துவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 

துப்பாக்கியைத் தோட்டத்தில் துவக்கு என்பார்கள். துரையிடம் இரண்டு துவக்கு இருந்தன. பன்றி சுடுகிற பெரியதை விலை விழுந்த வருஷத்திலேயே கைமாற்றிவிட்டார். மிச்சம் இருந்தது சிறியது, காக்கை முயல் சுடுவதற்கு. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அவருடைய அப்பா கொடுத்ததாம். நீலக்கறுப்பில் பளபளவென்று இருக்கும்.

முதல் ஞாயிறு அந்தத் துவக்கால் துரை ஒன்பது தரம் சுட்டார். ஒரு பால் வாளி ஓட்டையாயிற்று. இரண்டாவது ஞாயிறு பெரட்டு மணியில் பட்டு அது தானாக அடித்தது. சிலர் பெயர் கொடுக்க வந்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு வெள்ளையம்மாவின் முட்டைக்கோழி செத்தது. அது நாய்க்கு ஒரு முழம் வலது பக்கத்தில், தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த கோழி.

அந்த வாரமே காத்தமுத்து ரோலரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எட்டு மைல் இறங்கி யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குப் போனார். பளீல் நானா என்கிற முஸ்லிம் வியாபாரியின் கடையில் துணியும் விற்பார்கள், வாசலில் தையல் மெஷினும் ஓடும். மெஷின் கெட்டால் சரி பண்ணிக் கொடுப்பது காத்தமுத்துதான். அந்தப் பழக்கத்தில், நாயைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்குள் ஏற்ற மாட்டேன், கடைக்குப் பின்னால் சாக்குக் கொட்டிலில் கிடக்கட்டும், சோற்றுக்குக் குறை வைக்க மாட்டேன் என்றார் நானா. காத்தமுத்து ஒரு தேநீர் குடித்து, வழியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு, மலை ஏறி வீடு வந்தார். ரோலர் வாசற்படியில் படுத்திருந்தது. எங்கே இவ்வளவு நேரம் என்பதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்தது. கழுத்தில் நானா கடைக் கயிறு தொங்கியது.

நாலாவது ஞாயிறு துரை நாய்களை விட்டுவிட்டுத் தகர டப்பாக்களை அடுக்கிச் சுட்டார். செவ்வாய்க்கிழமை பங்களா அப்பு வேலுசாமி, மேசை விரிப்பில் துவக்கைச் சுற்றிக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். பங்களாவில் சமையலும் எடுபிடியும் அவர்தான். துரை கோபத்தில் பேசுவதையெல்லாம் தான் பேசுவதுபோல் வந்து சொல்வது அவருடைய பழக்கம்.

துவக்கின் குறி கோணலாம். சனிக்கிழமைக்குள் நேராக்க வேண்டுமாம். குழலில் ஒரு கீறல் விழுந்தாலும் வேலையைவிட்டு நீக்குகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, பெட்டி படுக்கையோடு தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு வேலுசாமி குரலைத் தாழ்த்தி, போன ஞாயிறு துரை அந்தக் கோணலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதைச் சொன்னார். இலக்கிலிருந்து ஒரு முழம் இடது பக்கமாகப் பிடித்துச் சுடுகிறார். டப்பா நாலு விழுந்தது. அப்படியே பழகிவிட்டார். ஆனாலும் தன் அப்பாவின் துவக்கை அப்படி ஒரு பக்கமாகப் பிடிப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்.

காத்தமுத்து துவக்கைப் புரட்டிப் பார்த்தார். மரப்பிடியின் அடியில் சிமெந்தில் விழுந்த காயம் ஒன்று இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே வேலுசாமியைப் பார்த்தார். வேலுசாமி கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று சோற்றின் முன் உட்கார்ந்து காத்தமுத்து கையை நனைக்கவே இல்லை. கோணலாகவே திருப்பிக் கொடுத்தால் வேலை போகும், வேலையோடு காம்பரா போகும். விலை விழுந்த காலத்தில் வேறு தோட்டத்தில் சேர்ப்பாரில்லை. நேராக்கிக் கொடுத்தால் ரோலர் போகும். சின்னம்மாவுக்கும் இது விளங்கியது. கொஞ்சம் பார்த்தும் பார்க்காமலும் செய்துவிட்டால் என்ன, துரைக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியுமே புள்ள," என்றார் காத்தமுத்து.

சின்னம்மா சோற்றை மூடி வைத்தாள். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள். இந்த மனிதரிடம் அரைகுறையாக ஒரு வேலை வாங்குவதும், துரையிடம் சம்பள உயர்வு வாங்குவதும் ஒன்றுதான் என்று தெரியும்.

குழலின் நுனியில், நெல்மணி அளவுக்கு ஓர் இரும்புக் குறி இருந்தது. அது ஒரு வெட்டில் பக்கவாட்டில் இறுக்கிச் செருகியது. வலுவாகப் பிடித்துக்கொண்டு தட்டினால் மட்டுமே நகரும். கையில் பிடித்தால் ஆடும். ஸ்டோர் பட்டறையில் ஒரு வைஸ் இருந்தது, மேசையில் போல்ட் போட்டு இறுக்கியது, இரண்டு இரும்புத் தாடை. தாடையின் உள்பக்கம் அரம்போல் பல். அதில் துவக்கை வைத்து முறுக்கினால் குழலில் நாய் கடித்த மாதிரி தடம் விழும். நாய் கடிக்காமலேயே பத்துச்சீட்டு வரும்.

ஆகவே தாடைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு கட்டை வேண்டும் என்று முடிவு பண்ணினார். விறகுக்குக் கிடந்த பலாமரத் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு சாண் நீளம், நாலு விரல் சதுரம். நாலு பக்கமும் இழைத்து, நடுவில் நீளவாக்கில் துளை போட்டார். துளை போட்ட பிறகுதான் கட்டையை இரண்டாக அறுத்தார். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு குடைந்தால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பேசாது என்பது அவர் கணக்கு. அறுத்த வாளின் கனம் அளவுக்கு மரம் போய்விட்டதால், இரண்டு பாதியையும் சேர்த்தால் துளை ஒரு நூல் சின்னதாகும். இறுக்கிப் பிடிக்க அந்த ஒரு நூல் போதும்.

ஆனால் குழல் ஒரே பருமன் இல்லை. அடியில் தடித்து நுனியில் மெலிந்தது. சிம்னி விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடமெல்லாம் மேடு. அந்த மேட்டை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் இதே வேலை. ரோலர் கம்பளியில் படுத்து, மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டிருந்தது. காத்தமுத்து அதனிடம் துளையின் அளவைப் பற்றி விளக்கிச் சொன்னார். அது எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

மரம் மரம்தான், நேரே இரும்பில் பட்டால் உராயும், உள்ளே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் காத்தமுத்து ஒரு தப்புப் பண்ணினார். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே மாட்டான். ரப்பர் தோட்டத்தில் செருப்பு அறுந்தால் ரப்பர், குடம் ஒழுகினால் ரப்பர், கதவு அடித்துக்கொண்டால் நிலையில் ஒரு துண்டு ரப்பர், பிள்ளை பல் முளைக்கும்போது கடிக்கவும் ரப்பர். கூரையைத் தவிர எல்லாவற்றையும் ரப்பரால் ஒட்டிவைத்திருந்த ஊர் அது. காத்தமுத்துவும் யோசிக்காமல் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையான புகைக்கூண்டிலிருந்து நல்ல ஷீட்டாக ஒன்றை எடுத்து, நறுக்கி உள்ளே ஒட்டி, துவக்கை வைத்து வைஸை முறுக்கினார். அசைத்துப் பார்த்தார். மலைபோல் நின்றது. திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

துரை தன் துவக்குக்கு நித்தம் எண்ணெய் போடுகிறவர். பச்சை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. வியாழக்கிழமை காலையில் வைஸைத் தளர்த்தினால் கட்டை கழலவில்லை. இழுத்தபோது பலாப்பிசின் மாதிரி நூல் நூலாக வந்தது. நீலக்கறுப்புக் குழல் பூராவும் மண்ணிறத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. காத்தமுத்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷம் ரப்பரோடு வாழ்ந்தவனுக்கு ரப்பரைப் பற்றி இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பத்துச்சீட்டு ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வியாழன் முழுவதும் மண்ணெண்ணெயும் பழந்துணியுமாகப் போயிற்று. நகம் படக் கூடாது. கத்தி காட்டக் கூடாது. சின்னம்மா வேலைக்குப் போகாத நாள், அவளும் வந்து உட்கார்ந்து துடைத்தாள். தன் நாயைச் சுடப்போகிற துவக்கைத் தானே துடைக்கிறோமே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் துடைத்தாள். மாலையில் குழல் பழையபடி பளபளத்தது. கீறல் இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டையின் உள்ளே வைக்க என்ன என்று பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினை ஓட்டுகிற தோல்வாரில் மணல் ஏறியிருந்தது. சாக்கு முரடு. மெத்தென்றும் தடிப்பாகவும், வருஷக்கணக்காக மிதிபட்டு மணலெல்லாம் உதிர்ந்தும் அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அதன்மேல் ரோலர் படுத்திருந்தது.

காத்தமுத்து கத்தியை எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து கம்பளியின் ஓரத்தைப் பிடித்தார். நாய் எழுந்து இடம் விட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டிக்கொண்டு மீதியைப் பழையபடி விரித்தார். நாய் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. காத்தமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தார். மரத்தூள் என்று சொல்ல அன்றைக்கு மரத்தூள்கூட இல்லை.

கம்பளி வைத்த கட்டை துவக்கைப் பிடித்த பிடியில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பின்னால் இருந்த தாழ்ப்பாளை உருவி எடுத்துவிட்டு, வெறுங்குழல் வழியாகப் பார்த்தார். நாற்பது முழத்துக்கு அப்பால் புகைக்கூண்டுக் கதவில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருந்தார். பொட்டு குழலின் நட்டநடுவில் வரும்படி நகர்த்தி, வைஸை இறுக்கினார். பிறகு தலையை உயர்த்திக் குறி வழியாகப் பார்த்தார். குழல் பொட்டைப் பார்த்தது. குறியோ கதவின் இடது நிலைக்காலைப் பார்த்தது. கோணல்தான். அரிசியில் பாதி அளவு.

பித்தளைத் துண்டையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துவிட்டு, அப்படியே வைத்தார். தட்டாமல் விட்டால் போதும். யாருக்கும் தெரியாது. இரண்டு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து பார்க்கும்போதெல்லாம் அந்த அரை அரிசிக் கோணல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் கை தானாகச் சுத்தியலை எடுத்தது. மூன்று தட்டு. பார்த்தார். இன்னொரு தட்டு, எறும்பு நடந்த மாதிரி. குழலும் பொட்டைப் பார்த்தது, குறியும் பொட்டைப் பார்த்தது. காத்தமுத்து ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அதற்காகப் பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை வேலுசாமி வந்து, சரியா என்று கேட்டார். சரி என்றார். வேறென்ன சொல்ல வரும் அவருக்கு.

ஞாயிறு காலை ரோலரைக் காம்பராவுக்குள் கட்டிப்போட்டு, கதவைச் சாத்தி, வெளியே சின்னம்மா உட்கார்ந்தாள். காத்தமுத்து பெரட்டுக்களத்துக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். அவர் செய்த வேலையைச் சோதிக்கிற இடத்தில் அவர் இல்லாமல் இருக்க முடியவில்லை. கங்காணிமாரும் கணக்கப்பிள்ளையும் துரைக்குப் பின்னால் நின்றார்கள். மூன்று லயத்து ஆட்களும் களத்தின் ஓரத்தில் நின்றார்கள். வெள்ளையம்மா மிச்சக் கோழிகளைக் கூடையில் போட்டுக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் தோட்டா ஒரு கறுப்பு நாய்க்கு. இடது பக்கத்தில் மண் பறந்தது. இரண்டாவதும் இடது பக்கம். நாய் மண் பறந்த இடத்தைப் போய் முகர்ந்தது. மூன்றாவது, நாலாவது, ஒரே அளவாக ஒரு முழம் இடது பக்கம். அப்போதுதான் காத்தமுத்துவுக்குப் பொறி தட்டியது. துவக்கு நேராகிவிட்டது, கை நேராகவில்லை. ஒரு முழம் இடது பக்கமாகப் பிடித்துப் பழகிய கை, இன்னும் அப்படியே பிடிக்கிறது. தான் மட்டும் அதைக் கோணலாகவே விட்டிருந்தால் முதல் தோட்டாவிலேயே கறுப்பு நாய் விழுந்திருக்கும் என்று நினைத்ததும் அவருக்கு முதுகில் வியர்த்தது.

ஐந்தாவது தோட்டா போனபோது துரையின் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பேர் சிரிக்காமல் நிற்கிற சத்தம் துரைக்கு நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் களத்தின் மேல்பக்கமிருந்து ரோலர் வந்தது. கயிற்றைக் கடித்து, அடுப்படிப் புகைபோக்கிச் சந்து வழியாக நுழைந்து வந்த கோலத்தில் கரியும் சாம்பலுமாக இருந்தது. வெள்ளைக்காது மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அது காத்தமுத்துவைப் பார்க்கவில்லை. நேராகத் துரையிடம் போனது. ஒரு ராத்திரி முழுக்கத் தன் கம்பளியில் சுருண்டு கிடந்த துவக்கு. வீட்டு வாசனை அதில் இருந்தது. குழலின்மேல் மூக்கை வைத்து நுனியிலிருந்து அடி வரைக்கும் முகர்ந்தது. பிறகு துரையின் காலடியில், இது நம்ம ஆள்தான் என்கிற தீர்மானத்தோடு உட்கார்ந்து வாலை ஆட்டியது.

துரை தோட்டாப் பையில் கையை விட்டார். இரண்டடி தூரத்தில் யாருக்கும் குறி தேவையில்லை.  தோட்டா உள்ளே போகிற சத்தம் கேட்டது.

காத்தமுத்து நடந்தார். தான் நடப்பது அவருக்கே நாலடி போன பிறகுதான் தெரிந்தது. துரையின் முன்னால் போய், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"தொரை, துவக்கக் குடுங்க. குறி எளகிப் போச்சுங்க. என் வேலைதாங்க சரியில்ல."

கணக்கப்பிள்ளை வாயைப் பிளந்தார். பதினாறு வருஷத்தில் இந்த வார்த்தையைக் காத்தமுத்து வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. துரையும் திரும்பிப் பார்த்தார்.

"நீ சரி ஆச்சு சொன்னது," என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில்.

"சொன்னேங்க. தப்புங்க. கோணலாத்தாங்க கெடக்கு."

முந்நூறு பேர் கேட்கும்படி சொன்னார்.  நாலு நாள் கரி பூசி, சுரண்டி, எறும்பு நடக்கிற மாதிரி தட்டி நேராக்கிய வேலை. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். அதன் தலையில் அவரே மண்ணை அள்ளிப் போட்டார்.

துரை துவக்கைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். ஐந்து தரம் தவறியது தன் கையால் இல்லை, இந்த ஆளால்தான் என்று முந்நூறு பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. போட்ட தோட்டாவை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துவக்கை நீட்டினார். பிறகு காலடியில் இருந்ததைக் காட்டி, இது யாருடைய நாய் என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு பொய்க்கு மேல் காத்தமுத்துவால் முடியவில்லை. "என்னோடதுங்க," என்றார்.

துரை அந்த வெள்ளைக்காதை நெடுநேரம் பார்த்தார். "கட்டி வை," என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு ஏறிப்போனார்.

துவக்கு மறுபடி பலாக்கட்டைக்குள் போயிற்று. அடுத்த சனிக்கிழமை வேலுசாமி வந்து கேட்டபோது, இன்னும் ஒரு மயிரிழை இருக்கிறது என்றார் காத்தமுத்து. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஒரு மயிரிழை இருந்தது. பொய் சொல்ல வராதவர் ஒரே பொய்யைக் கற்றுக்கொண்டு அதையே வாராவாரம் சொன்னார். துவக்கு மட்டும் துருப்பிடிக்கவில்லை. பளீல் நானா கடைத் தையல் மெஷின் எண்ணெயை வாரம் ஒரு தரம் போட்டுத் துடைத்து, கம்பளி தேய்ந்தால் மாற்றி, கட்டையில் வைப்பார். லயத்தில் முடியாமல் இழுக்கிற எந்த வேலைக்கும் காத்தமுத்து துவக்கு என்று பெயர் வந்துவிட்டது. கூரை போடாமல் கிடந்தால் காத்தமுத்து துவக்கு. கல்யாணம் தள்ளிப்போனால் காத்தமுத்து துவக்கு. பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். அவருக்குச் சுருக்கென்று இருக்கும். கேட்காத மாதிரி போவார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் துரை ஸ்டோருக்குள் வந்தார். ஷீட் பார்க்க வந்தவர், பட்டறை வாசலில் நின்று, துவக்கைப் பிடித்திருந்த கட்டையைக் கண்டு கிட்டே வந்தார். இரண்டு பாதியும் சேர்கிற இடத்தை விரலால் தடவினார். உள்ளே எட்டிப்பார்த்த கம்பளி நுனியைத் தொட்டார். பிறகு குனிந்து குறி வழியாகப் பார்த்தார். எதிரே புகைக்கூண்டுக் கதவில் சுண்ணாம்புப் பொட்டு இருந்தது. தாழ்ப்பாளை உருவிவிட்டுக் குழல் வழியாகவும் பார்த்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.  மூலையில் ரோலர் கொட்டாவி விட்டது.

துரை நிமிர்ந்து, தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டார்.

"இன்னும் சரி இல்லே," என்றார். "அவசரம் வேணாம்."

அடுத்த வருஷம் ஜூடி நாலு குட்டி போட்டது. அதில் மூன்றுக்கு இடது காது வெள்ளை. துரை யாரையும் எதுவும் கேட்கவில்லை. குட்டிகளை மற்றத் தோட்டத்துத் துரைமாருக்குக் கொடுத்தார். பாட்டன் பூட்டன் பெயர் எழுதிய காகிதம் கொடுத்தாரா என்று வேலுசாமிக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த வருஷம் துரை சீமைக்குத் திரும்பினார். அப்போதுதான் வேலுசாமி வந்து துவக்கைக் கேட்டு வாங்கிப்போனார். இப்போதாவது சரியா என்று கேட்டார். காத்தமுத்து சரி என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு உண்மை சொன்ன சுகத்தில் அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பலாக்கட்டை பட்டறையிலேயே கிடந்தது. ரோலர் கிழடாகி, ஒரு மழைக்கால மத்தியானம் மெஷின் அடியிலேயே தூங்கிச் செத்துப்போனது. அதைக் கம்பளியில் சுற்றும்போது, ஓரத்தில் கீற்றுக் கீற்றாக வெட்டியெடுத்த இடம் காத்தமுத்துவின் கையில் பட்டது. அவர் அழுதார். மறைக்கவில்லை. குழியை நாலு மூலையும் சரியாக வெட்டினார். புகைக்கூண்டுக்குப் பின்னால் அதைப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போது, சின்னம்மாவிடம் அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"மொத சனிக்கெழமையே துவக்கு நேராத்தான் இருந்துச்சு, புள்ள."

சின்னம்மா செம்பிலிருந்து அவர் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்," என்றாள். "நீங்க கோணலா ஒரு வேல செஞ்சு நான் எப்பப் பாத்தேன்."